எல்லாப் பக்கமும் ரெண்டு மடங்கு

தொட்டியை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு ஆள் வருவார், தானும் ஒரு கை கொடுத்தால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தார் நகல் கடைக்காரர். சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு மாடிப்படியின் மேல்படியில் தயாராக நின்றார்.

படி திரும்பும் இடத்தில் நால்வரும் நின்று மூச்சு வாங்கினார்கள்.

"கொஞ்சம் நகருங்க சார்."

நகர்ந்தார்.

"இன்னும் கொஞ்சம்."

சமையலறைக்குள் போய் நின்றுகொண்டார்.

முன்னறையில் சுவரோரமாக இரும்பு ஸ்டாண்டைப் போட்டு, அதன்மேல் தொட்டியை ஏற்றினார்கள். அறை சட்டென்று சின்னதாகிவிட்டது. சோபாவுக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் போகலாம், வயிற்றை எக்கிக்கொண்டால்.

மனைவி துண்டால் கையைத் துடைத்தபடி வந்து பார்த்தாள்.

"இதுல மீன் வளர்க்கப் போறோமா, நாம குடியிருக்கப் போறோமா?"

"நீங்க சொன்ன அளவுதான் சார்," என்றார் தொட்டியைச் செய்து கொண்டுவந்த கண்ணாடிக்காரர். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடுவது அவர் பழக்கம். "ரெண்டு மடங்குன்னீங்க. எல்லாப் பக்கமுமான்னு கேட்டேன். எல்லாப் பக்கமும்தான்னீங்க."

சொன்னது உண்மை. கடையில் கூட்டமாக இருந்த நேரம். ஒரு கையில் போன், மறு கை மெஷின் மூடியின்மேல்.

"இப்ப இருக்கற தொட்டியவிட ரெண்டு மடங்கு வேணும்," என்று சொல்லியிருந்தார்.

"எல்லாப் பக்கமுமா சார்?"

"பின்ன? ஒரு பக்கம் மட்டும் இழுத்தா மூஞ்சி கோணிக்காதா?"

தொட்டிக்கு ஏது மூஞ்சி என்று கண்ணாடிக்காரருக்குப் புரியவில்லை. புரியாததை அவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

நகல் கடையில் இரண்டு மடங்கு என்றால் ஒரே அர்த்தம்தான். மெஷினை இருநூறு சதவீதத்தில் வைப்பது. நீளம் இரண்டாகும், அகலமும் இரண்டாகும். ஒன்றை மட்டும் இழுத்தால் கல்யாணப் பெண்ணின் முகம் பூசணிக்காய் ஆகிவிடும். அப்புறம் பெண்ணின் அப்பா கடைக்கு வருவார். கடை போட்ட நாளிலிருந்து இரண்டு மடங்கு என்று அவர் வாயில் வருவது அதுதான். அந்தக் கடைக்குள் வரும் எதற்கும் மூன்றாவது பக்கம் கிடையாது.

கண்ணாடிக்காரர் ஆட்களோடு இறங்கிப் போனார். போகும்போது தொட்டியின் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார்.

பழைய தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். ஒரு மூலையில் கசிய ஆரம்பித்து, பசை வைத்து, மறுபடி கசிந்து, கடைசியில் அதன் கீழே விரிக்க வீட்டில் பழைய துணி இல்லை என்கிற நிலைக்கு வந்துவிட்டது. உள்ளே இருந்த ஐந்து தங்க மீன்களும் வளர்ந்து, ஒன்று திரும்ப வேண்டுமானால் மற்ற நான்கும் வழி விட வேண்டியிருந்தது. இருப்பதிலேயே பெரியவர் சித்தப்பா. தாடையில் இரட்டை மடிப்பு. சாப்பாட்டுக்கு முதல் ஆள். சாப்பிட்டு முடித்த பிறகும் சாப்பிடாதவர் முகம். மனைவியின் சித்தப்பாவைப் பார்த்தவர்கள் யாரும் இந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டதில்லை. இவர் ஒருமுறை தொட்டியிலிருந்து எகிறிக் குதித்து, சோபாவுக்கு அடியிலிருந்து மீட்கப்பட்டவர்.

ஐந்து பேரும் இப்போது குளியலறையில், நீல பிளாஸ்டிக் டப்பில் இருந்தார்கள்.

சத்தம் கேட்டு மாமியார் மேலே வந்தார். கீழ்வீட்டில் தனியாக இருப்பவர். சாப்பாடு மேலே, தூக்கம் கீழே.

"என்ன மாப்பிள்ளை, பீரோ விழுந்த மாதிரி இருந்துச்சு?"

"தொட்டி வந்திருக்கு அத்தை."

மாமியார் தொட்டியைப் பார்த்தார். சுற்றி வந்து பார்க்க இடமில்லாததால் நின்ற இடத்திலிருந்தே கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"துண்டு, சோப்பெல்லாம் எடுத்துட்டு வந்திருப்பேனே. சொல்லலையே நீங்க."

அவர் பார்சல் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதைப் பார்த்தாலும் முதலில் எடை போடுவார். நகல் கடைக்காரர் முதன்முதலாக அந்த வீட்டுக்கு வந்த அன்று, அவர் உட்காருவதற்குள் மகளின் காதில் "எழுபத்திரண்டு" என்று சொல்லிவிட்டாராம். சரியாகத்தான் இருந்தது.

"டேப்பை எடுடி," என்றார் மகளிடம்.

மனைவி தையல் பெட்டியிலிருந்து இஞ்சி டேப்பை எடுத்து வந்தாள். ஒரு முனையை அவள் பிடித்தாள், மறு முனையை மாமியார்.

"நாலு அடி. அகலம் ரெண்டு. உயரம் ரெண்டு. நாலு ரெண்டு எட்டு, எட்டு ரெண்டு பதினாறு. பதினாறு கன அடி. பழசு எவ்வளவு மாப்பிள்ளை?"

"ரெண்டுக்கு ஒண்ணுக்கு ஒண்ணு."

"ரெண்டு கன அடி. ரெண்டு எங்க, பதினாறு எங்க? ரெண்டு மடங்கு கேட்டீங்க, எட்டு மடங்கு வந்திருக்கு. அந்த ஆளுக்குத் தாராள மனசு."

"நீளம் ரெண்டு மடங்குதானே அத்தை ஆகியிருக்கு," என்றார் அவர். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"ஆமா. அகலமும் ஆகியிருக்கு. உயரமும் ஆகியிருக்கு. மூணும் ஒண்ணை ஒண்ணு பெருக்கும்ல? பாத்துட்டு சும்மா இருக்குமா?"

ஒரு ஏ-ஃபோர் தாளை இருநூறில் போட்டால் நான்கு தாள் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். தினமும் பார்க்கிற விஷயம். நான்கு வரைக்கும் அவர் கணக்கு சரியாகவே இருந்தது. அதற்கு மேல் ஒரு பக்கம் இருக்கிறது என்று மெஷின் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

மாமியார் நிற்கவில்லை. "ஒரு கன அடிக்கு இருபத்தெட்டு லிட்டர். லிட்டருக்கு ஒரு கிலோ." கண்ணை மூடினார். "நானூத்தி நாப்பத்தெட்டு. கண்ணாடி ஒரு எழுபது, எழுபத்தஞ்சு. அரை டன் தாண்டிடுச்சு. ஸ்டாண்டு, கல்லு எல்லாம் தனி."

"அரை டன்னா?" என்றாள் மனைவி.

"நல்லாத் தின்னு வளர்ந்த எருமை ஒண்ணு."

மூவரும் தொட்டியைப் பார்த்தார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள். தரைக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று மூவருக்கும் தெரியும். மாமியாரின் கட்டில்.

"எருமைக்கு அடியில நான் படுக்கறதா இல்ல," என்றார் மாமியார். கோபமில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பது போன்ற குரல். "கட்டிலை அந்தப் பக்கம் தள்ளிப் போடுங்க மாப்பிள்ளை. இதுல முழுசா தண்ணி ஊத்தினீங்கன்னா, அந்தப் பக்கமும் வேணாம். நான் பெரிய பொண்ணு வீட்டுக்குப் போறேன்."

அன்று மாலையே கட்டில் ஜன்னலோரத்திலிருந்து குளியலறைச் சுவரோரம் போயிற்று. ஜன்னலோரத்தில் காற்று வரும். இங்கே வராது. மாமியார் அதைச் சொல்லவில்லை. தலையணையை மட்டும் இரண்டு தட்டுத் தட்டினார்.

நகல் கடைக்காரர் கண்ணாடிக்காரருக்குப் போன் செய்தார்.

"திருப்பி எடுத்துக்க முடியாதுங்களா?"

"ஒட்டினது ஒட்டினதுதான் சார். பிரிச்சா கண்ணாடி வராது, சில்லுதான் வரும்."

"சரி."

"நல்ல தொட்டி சார். ஆயுசுக்கும் கசியாது."

அதுவும் உண்மைதான்.

சாப்பிடும்போது மனைவி சொன்னாள். "பல் டாக்டர்கிட்ட பேசிட்டேன்."

பல் டாக்டரின் கிளினிக் நகல் கடைக்கு அடுத்த கதவு. காத்திருப்பவர்களுக்கு முன்னால் ஒரு மீன் தொட்டி வைக்க வேண்டும் என்று அவர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். துளை போடும் மெஷின் சத்தம் வெளியே கேட்கும்போது பார்ப்பதற்கு அவர்களுக்கு ஏதாவது வேண்டும் என்பார்.

"ஞாயித்துக்கிழமை காலைல வாளியோட வர்றாராம்."

நகல் கடைக்காரர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. மென்றுகொண்டேயிருந்தார், வாயில் எதுவும் இல்லாத பிறகும்.

"எனக்கு மட்டும் என்ன ஆசையா?" என்றாள். "டப்புல எத்தனை நாளைக்குங்க? பாவமில்லையா அதுங்க? எனக்கும்தான். குளிக்கப் போனா அஞ்சு பேர் பாக்கறாங்க. சித்தப்பா கண்ணைக்கூட சிமிட்ட மாட்டேங்கறார்."

"மீனுக்கு இமை கிடையாது."

"அதைத்தான் சொல்றேன்."

நியாயம் அவள் பக்கம். பழைய தொட்டி கசிகிறது, புதிய தொட்டி எருமை. மூன்றாவது தொட்டி வாங்கினால் அதை வைக்க வீட்டில் தரை இல்லை. ஞாயிறு காலைக்குள் வேறு வழி கிடைக்காவிட்டால் மீன்கள் போகும். தூரம் ஒன்றும் அதிகமில்லை, அடுத்த கதவுதான். வேண்டும்போது போய்ப் பார்க்கலாம். பல்லைக் காட்டிக்கொண்டு.

ஆனால் அவருக்கு வேண்டியது அது இல்லை. காலையிலிருந்து மாலை வரை கடையில் அவர் கையில் வருவதெல்லாம் ஒன்றைப் போலவே இன்னொன்று. பத்து கேட்டால் பத்தும் ஒன்றுதான். அப்படி இருந்தால்தான் காசு. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, டீயோடு மீன் தொட்டி முன்னால் உட்காருவார். ஒரு முறை திரும்பியதுபோல் மறுமுறை மீன் திரும்பாது. அதற்கு மேல் அவர் அதைப் பற்றி யோசித்ததில்லை. டீ முடிந்ததும் எழுந்துவிடுவார்.

சனிக்கிழமை கடையில் கூட்டம் இருந்தது. டியூஷன் டீச்சர் ஒரு கேள்வித்தாளை நீட்டினார்.

"ஒரு தாள்ல ரெண்டு வர்ற மாதிரி சுருக்கிக் குடுங்க. பாதியா."

அவர் விரல் தானாக எழுபத்தொன்றை அழுத்தியது.

"பாதின்னேனே," என்றார் டீச்சர். "அம்பது இல்லையா?"

"அம்பதுல போட்டா காலாயிடும் டீச்சர். நீளமும் பாதி, அகலமும் பாதி. எறும்புதான் பரீட்சை எழுதணும். எழுபத்தொண்ணு போட்டாதான் தாள்ல சரி பாதி."

அவரே சொல்லிவிட்டு அவரே நின்றார். விரல் இன்னும் பொத்தானின்மேல் இருந்தது.

பாதியாக்க எழுபத்தொன்று. இரண்டு மடங்காக்க நூற்றி நாற்பத்தொன்று. அந்தப் பொத்தான் தேய்ந்து எண்ணே அழிந்துவிட்டது, அத்தனை தடவை அழுத்தியிருக்கிறார். தாள் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் இருநூறு இல்லை, நூற்றி நாற்பத்தொன்று. விரலுக்குத் தெரிந்த விஷயம். போனில் பேசிய வாய்க்குத் தெரியவில்லை.

டீச்சர் போனதும் கால்குலேட்டரை எடுத்தார். தாளுக்கு இரண்டு பக்கம், தொட்டிக்கு மூன்று. ஒன்று புள்ளி மூன்றை மூன்று தடவை பெருக்கிப் பார்த்தார். இரண்டைத் தாண்டிவிட்டது. ஒன்று புள்ளி இரண்டு. போதவில்லை. ஒன்று புள்ளி இரண்டு ஐந்து. தொட்டுவிட்டது மாதிரிதான், ஒரு முடி குறைவு.

ஒன்றேகால்.

ஓரடிக்கு ஒன்றேகால் அடி என்று கூட்டியிருந்தால் போதும். இரண்டரை அடி நீளம், ஒன்றேகால் அகலம், ஒன்றேகால் உயரம். பார்த்தால் பழைய தொட்டிதானே என்று தோன்றும். உள்ளே இரண்டு மடங்கு தண்ணீர் நிற்கும். ஒரு ஆள் தூக்கிக்கொண்டு வந்திருப்பார். தானும் ஒரு கை கொடுத்திருக்கலாம்.

கால்குலேட்டரை மேசைமேல் வைத்தார். தெரிந்து என்ன செய்ய? தொட்டி ஒட்டியாகிவிட்டது.

மதியத்துக்கு மேல் பேக்கரிக்காரர் வந்தார். கையில் ஒரு தாள். திங்கட்கிழமை கடை விடுமுறை என்று பேனாவால் எழுதியிருந்தார்.

"இதே மாதிரி நாலு. கதவுல ஒட்டணும்."

மெஷின் கத்தியது. சின்னத் தாள் தீர்ந்துவிட்டது. புதுக் கட்டு வர மாலையாகும். பெரிய தாள் தட்டு நிறைய இருந்தது. அதில் அடித்துக் கொடுத்தார், அதே அளவு எழுத்தில். பெரிய தாளின் கீழ்ப்பாதியில் எழுத்து நின்றது. மேலே வெறும் வெள்ளை.

"என்னங்க இது, தாள் இவ்வளவு பெருசா இருக்கு, பாதி காலியா கிடக்கு?"

"கிடக்கட்டுமே. தாள் பெருசுன்னா முழுசும் ரொப்பணும்னு எவன் சொன்னான்? மேல மார்ஜின் விட்டா பாக்க நல்லாதான் இருக்கு."

பேக்கரிக்காரர் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "ஆமா, எடுப்பாதான் இருக்கு." சில்லறை கொடுத்துவிட்டுப் போனார்.

தான் சொன்னது அவருக்கு அப்போதுதான் காதில் விழுந்தது.

வீணாய்ப் போன ஒரு தாளைத் திருப்பிப் போட்டார். பழைய தொட்டி இரண்டு கன அடி. அவருக்கு வேண்டியது அதில் இரண்டு மடங்கு, நான்கு கன அடி. புதிய தொட்டியின் தரை நாலுக்கு ரெண்டு, எட்டு சதுர அடி. நான்கை எட்டால் வகுக்க கால்குலேட்டர் வேண்டாம்.

அரை அடி.

அரை அடி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் அவர் கேட்ட இரண்டு மடங்கு. மேலே ஒன்றரை அடி மார்ஜின்.

அன்று ஷட்டரை வழக்கத்தைவிடச் சீக்கிரம் இறக்கினார். இறக்கும் சத்தம் கேட்டு பல் டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"நாளைக்கு வாளியோட வர்றேன் சார்."

"வாங்க டாக்டர்," என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். டாக்டருக்கு அது கொஞ்சம் வினோதமாக இருந்திருக்க வேண்டும்.

வீட்டில் மாமியாரும் மனைவியும் முன்னறையில் இருந்தார்கள். சோபாவின் ஒரு கையில் மாமியார் உட்கார்ந்திருந்தார், காலை நீட்ட இடமில்லாமல்.

"அத்தை, தண்ணி அரை அடிதான் ஊத்தப் போறேன்."

"என்னது?"

"நாலு கன அடி. நாலு இருபத்தெட்டு?"

"நூத்திப் பன்னெண்டு," என்றார் மாமியார். வேறு யாராவது பெருக்கிவிடுவார்களோ என்ற வேகம்.

"கண்ணாடி எழுபத்தஞ்சு. கல்லு இருபது போடுவோம்."

"இருநூத்தி ஏழு."

"இருநூறு கிலோன்னா எவ்வளவு அத்தை? மூணு பேர். இந்த சோபால மூணு பேர் உக்காந்தா எவ்வளவோ அவ்வளவு. நாலு கால் ஸ்டாண்டு, சுவரோரம்."

மாமியாரின் உதடு மட்டும் அசைந்தது. கூட்டிப் பார்க்கிறார்.

"போன மாசம் சித்தப்பா வந்தாரே," என்றாள் மனைவி.

"எந்த சித்தப்பா?"

"அப்பாவோட தம்பி. சித்தி, அவங்க பையன், மூணு பேரும் இதே சுவரோரம் சாயங்காலம் வரைக்கும் உக்காந்துட்டு எழுந்திரிக்கவே இல்லையே. கீழ உனக்கு ஏதாவது உதிர்ந்துச்சா?"

"அவர் ஒருத்தரே நூத்திப் பத்து," என்றார் மாமியார். யோசித்தார். "சித்தி அறுபத்தஞ்சு. பையன் எழுபது. இருநூத்தி நாப்பத்தஞ்சு." தொட்டியைப் பார்த்தார். "அப்ப அவங்களைவிட இது லேசு. பேசவும் பேசாது."

"அதான் சொல்றேன்."

"அரை அடித் தண்ணி மீனுக்குப் போதுமா மாப்பிள்ளை? முதுகு வெளிய தெரியாதா?"

"தண்ணி ரெண்டு மடங்கு அத்தை. முன்ன மாடி வீடு, இப்ப தனி வீடு, அவ்வளவுதான். மீனு மேலயும் கீழயுமா போகுது? முன்னாலயும் பின்னாலயும்தான் போகுது. தரை ரெண்டு சதுர அடி இருந்தது, இப்ப எட்டு."

மாமியார் விரலை மடக்கினார். "தொட்டி எட்டு மடங்கு. இடம் நாலு மடங்கு. தண்ணி ரெண்டு மடங்கு."

"அறிவு?" என்றாள் மனைவி, கணவனைப் பார்த்து.

"அது பழைய சைஸ்தான்," என்றார் மாமியார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காதீங்க," என்றார்.

அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இஞ்சி டேப்பை எடுத்து, கண்ணாடியின் நான்கு பக்கமும் ஆறு அங்குலத்தில் ஒட்டும் டேப்பால் கோடு போட்டார். கடையிலிருந்து எடுத்து வந்த டேப். கோடு துளிகூடக் கோணவில்லை.

"ஊத்திப் பாத்துட்டுதான் சரின்னு சொல்லுவேன்," என்றார் மாமியார். "பெரியவகிட்ட நாளைக்கு வந்தாலும் வருவேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

ஞாயிறு காலை கல்லைக் கழுவிப் பரப்பினார்கள். மொட்டைமாடி ட்ரம்மில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை அவர் வாளியில் மொண்டு வந்தார். பதினான்கு லிட்டர் வாளி. மாமியார் தொட்டிக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். எட்டு வாளி ஊற்றினால் கணக்குச் சரி என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார்.

"மூணு," என்றார். "சிந்தாம ஊத்துங்க மாப்பிள்ளை, தரையில போனா கணக்குல வராது."

ஐந்தாவது வாளியில் பல் டாக்டர் வந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, கையில் மூடி போட்ட புது சிவப்பு வாளி. கதவருகே நின்று பார்த்தார்.

"தொட்டி வந்துடுச்சா? அப்ப மீன்…"

"உக்காருங்க டாக்டர்," என்றாள் மனைவி. "இன்னும் மூணு வாளி இருக்கு. அப்புறம் சொல்றோம்."

உட்கார இடம் தேடினார். சோபாவின் ஓரத்தில் பக்கவாட்டாகப் போய் உட்கார்ந்து, சிவப்பு வாளியை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏழு," என்றார் மாமியார். "எட்டு."

எட்டாவது வாளி பாதி காலியாகும் முன்பே தண்ணீர் கோட்டைத் தொட்டுவிட்டது. அவர் வாளியை நிமிர்த்தினார். கணக்குத் தப்பிவிட்டதா? நேற்று மாலையிலிருந்து இருந்த தைரியம் வாளியிலேயே நின்றுவிட்டது.

மாமியார் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார்.

"கல்லை மறந்துட்டீங்க. அதுவும் உள்ள இடம் பிடிக்கும்ல? எடையில சேத்தீங்க, இடத்துல விட்டுட்டீங்க."

"அட, ஆமா அத்தை."

"அரை வாளி மிச்சம். ஏழு கிலோ குறைஞ்சது. எனக்கு நல்லதுதான்."

யாரும் அசையாமல் கொஞ்ச நேரம் இருந்தார்கள். தரையும் அசையவில்லை. மாமியார் எழுந்து கீழே போனார். அவர் படியில் இறங்குவதும், கீழ்க்கதவு திறப்பதும் கேட்டது. பிறகு சத்தமில்லை. டாக்டர் வாளியின் மூடியைத் திறந்து மூடினார். மனைவி புருஷனைப் பார்த்தாள். அவர் கையில் பிடித்திருந்த அரை வாளித் தண்ணீரைக் கீழே வைக்கவில்லை.

மாமியார் திரும்ப வந்தார். மூச்சு வாங்கியது.

"விரிசலும் இல்ல, ஒண்ணும் இல்ல. மீனை விடுங்க."

டப்பை இருவருமாகத் தூக்கி வந்தார்கள், அவர் ஒரு பக்கம், பல் டாக்டர் மறு பக்கம். வாளி கொண்டு வந்தவர் என்பது டாக்டருக்கே மறந்துவிட்டது போலிருந்தது. நான்கு மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. கடைசியில் சித்தப்பா. அவர் கோட்டுக்குக் கீழே ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு கிளம்பினார். நான்கடி நேராகப் போனார். சுவர் வந்தது. யாரும் வழி விடாமல், யாரையும் இடிக்காமல், அகலமாக ஒரு திருப்பம் திரும்பினார். மறுபடி நான்கடி.

"இப்ப எகிறட்டும் பாப்போம்," என்றாள் மனைவி. "தலைக்கு மேல ஒன்றரை அடி சுவர்."

"ஏங்க, முக்கால் தொட்டி காலியா இருக்கே?" என்றார் டாக்டர்.

"அது மார்ஜின் டாக்டர்," என்றார் மாமியார்.

மனைவி சமையலறை ஜன்னலிலிருந்து ஒரு மணி பிளான்ட் பாட்டிலைக் கொண்டு வந்து, கொடியை எடுத்து, தொட்டியின் உள் மூலையில் சாய்த்தாள். வேர் தண்ணீரில், இலை மார்ஜினில். தள்ளி நின்று பார்த்தாள். இன்னொன்று கொண்டு வரப் போனாள்.

டாக்டருக்கு டீ வந்தது. காலி வாளியின் மூடிமேல் டம்ளரை வைத்து வைத்துக் குடித்தார்.

"எனக்கும் ஒண்ணு செஞ்சுட்டா என்ன? கிளினிக்ல இவ்வளவு இடமில்ல. இதுல பாதி சைஸ்ல."

"பாதின்னா எந்தப் பாதி டாக்டர்?" என்றார் அவர்.

டாக்டர் அவரைப் பார்த்தார். இது கிண்டலா, கேள்வியா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"டேப்போட நானே வர்றேன்," என்றார் அவர். "கண்ணாடிக்காரர்கிட்ட நீங்க பேசிடாதீங்க."

மதியம் சாப்பிட்டதும் மாமியார் படியருகே நின்று கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, கட்டிலைப் பழைய இடத்துக்கே தள்ளிப் போடுங்க. அங்கதான் காத்து வருது."

"பெரிய அக்கா வீட்டுக்கு?"

"வரலைன்னு சொல்லிட்டேன். அவ வீட்டுல எல்லாரும் சத்தமாப் பேசுவாங்க."

கட்டிலை ஜன்னலோரம் தள்ளினார். மாமியார் தலையணையைத் தட்டிவிட்டுப் படுத்தார். கூரையைப் பார்த்தார்.

"சித்தப்பா இப்ப எங்க இருப்பார்?"

அவரும் கூரையைப் பார்த்தார். சுவர், ஜன்னல், மேலே ஸ்டாண்டு எங்கே என்று மனசுக்குள் அளந்தார்.

"உங்க கால்மாட்டுக்கு நேரா."

"தலைமாட்டுக்கு வந்தா வரட்டும். இடம் நிறைய இருக்குல்ல," என்றார் மாமியார். கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் கதவைச் சாத்திவிட்டுப் படியேறினார். மெதுவாகத்தான் ஏறினார். முதல் நாள் மாமியார் சொன்ன அந்த எழுபத்திரண்டு கிலோ இப்போது எண்பத்தைந்து ஆகியிருந்தது. அதை மட்டும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.